பாதிப் படங்கள்

திரைப்படங்களைப் பற்றிச் சங்க மலரில் கட்டுரை எழுதுவதென்றால், நிறையப் படம் பார்த்தவர்கள் எழுதுவதே முறை. நான் எழுத முற்படுவதோ பார்க்காத படங்களைப் பற்றி. பார்க்காத படங்கள் என்பதும் முழு உண்மையன்று. பாதி பார்த்த படங்கள் என்றால் சரியாக இருக்கும்.

எங்கள் வீட்டில் நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதில் 63 படங்களின் பெயர்கள் வரிசை எண்ணிட்டு எழுதப்பட்டுள்ளன. நாயன்மார் கணக்கு என்று யாரும் எண்ண வேண்டா, தற்செயலாக அமைந்தது. பார்த்து முடித்த படத்தின் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். முடிந்த கோப்புகளைப் பதிவேட்டில் அடித்து அடித்துப் பழகிய கை. இதை எழுதும் நாள்வரை 41 பெயர்கள் அடிபட்டிருக்கின்றன. அந்தப் பட்டியல் என்னுடையதும் அன்று, என் தாயாருடையது.

எண்பதுகளில் நாங்கள் தாராவியில், தொண்ணூறடிச் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் குடியிருந்தோம். தெருக்குழாய் ஒன்றுக்கு நாற்பது குடும்பம். தாராவியில் ஒவ்வொரு சந்துக்கும் தண்ணீர் வரும் நேரம் ஒவ்வொன்று. சில இடங்களில் விடியற்காலை, சில இடங்களில் இரவு. எங்கள் சந்துக்கு வாய்த்தது பிற்பகல் மூன்று மணி. நாலரைக்கு நின்றுவிடும். மூன்று அடிக்கக் கால் மணி இருக்கும்போதே குடங்களும் டப்பாக்களும் வரிசையில் அமர்ந்துவிடும். இந்த நேரம்தான் என் தாயாரின் திரைப்பட அறிவை நிர்ணயித்தது என்று சொன்னால் மிகையாகாது.

அந்நாளில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் தூரதர்ஷன் தேசிய ஒளிபரப்பில் மாநில மொழிப் படங்களைக் காட்டி வந்தது பலருக்கும் நினைவிருக்கும். காது கேளாதோர்க்கான செய்தி முடியும். கைகளை அசைத்து அசைத்துச் செய்தி சொல்வதைப் பார்த்துச் சிறுவர்களாகிய நாங்களும் அசைப்போம். பிறகு ஒன்றரை மணியளவில் படம் தொடங்கும். வங்காளம், மலையாளம், மராத்தி, அசாமி என்று எல்லா மொழிக்கும் முறை வைத்துக் காட்டியதால் தமிழின் முறை எப்போதோ ஒருமுறைதான் வரும். வரும் படமும் பெரும்பாலும் விருது பெற்ற படமாக இருக்கும். சண்டை இராது; பாட்டும் குறைவு. அடியில் ஆங்கிலத்தில் வசனம் ஓடும். பின்னாளில் பி.ஏ. தேர்வில் நான் எழுதிய ஆங்கிலத்தின் அஸ்திவாரம் அந்த வரிகளில் போடப்பட்டது என்று நினைத்துக்கொள்வதுண்டு.

எங்கள் சந்தில் ஒரே ஒரு வீட்டில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் மனைவியை நாங்கள் மதினி என்போம். தமிழ்ப்படம் வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே மூச்சுவிட இடம் இராது. பெரியவர்களுக்கு நாலணா, சிறுவர்களுக்கு இலவசம். ஒன்றரைக்குத் தொடங்கிய படம் மூன்று மணிக்குக் கதையின் முக்கியமான இடத்தில் இருக்கும். அப்போது வெளியே யாரேனும் ஒரு குரல் கொடுப்பார்கள். அவ்வளவுதான், பெண்கள் அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள். மதினியும் எழுந்துவிடுவாள். ஆண்களில் பாதிப்பேர் உறங்கிக்கொண்டிருப்பார்கள். மீதி இருப்பவர்கள் சிறுவர்கள்.

நாலரை மணிக்கு நனைந்த புடவையோடு அம்மா வீடு திரும்பும்போது படம் முடிந்திருக்கும். அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே என்னைக் கேட்பாள், "எய்யா, அப்புறம் என்ன ஆச்சு?"

இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டு ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அந்தப் படங்களில் என்ன சுவை இருக்கும்? பெண்கள் எழுந்த பின் கிடைக்கும் இடைவெளியில் நானும் நழுவி, ரயில் பாதையோரத்தில் பந்து விளையாடப் போய்விடுவேன். படம் பார்க்கவில்லை என்றால், நீயாவது இரண்டு குடம் பிடித்திருக்கலாமே என்ற பேச்சு வரும். ஆகவே முடிவை நானே சொல்லிவிடுவேன். கெட்டவன் திருந்தினான், பிரிந்தவர்கள் சேர்ந்தார்கள், நோயாளி பிழைத்தான், கல்யாணம் நடந்தது. அம்மா அதை நம்பினாள். அதோடு நிற்கவில்லை. அடுத்த நாள் குழாயடியில், பாதியில் எழுந்து வந்த மற்றப் பெண்களுக்கும் அதையே சொன்னாள். கே. பாலசந்தரும் மகேந்திரனும் பாலு மகேந்திராவும் அரும்பாடுபட்டு அமைத்த முடிவுகள் எங்கள் சந்துக்கு வந்து சேரவே இல்லை. எங்கள் சந்து நம்பியது என் முடிவுகளைத்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து அலுவலகம் சில வாரம் மூடியிருந்தபோது இந்தப் பட்டியல் பிறந்தது. அதற்கு முந்திய ஆண்டுதான் அம்மாவுக்குக் கண்ணில் நீரழுத்த நோய் இருப்பதாகத் தெரிந்தது. அந்த நோய் ஓரப்பார்வையை முதலில் தின்றுவிடும். நடுவில் தெரிவது மட்டும் மிஞ்சும். போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காத்துக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். "குழாய்க்குள்ள கண்ணை வச்சுப் பாக்கிற மாதிரி இருக்கு" என்பது அம்மா சொன்ன விளக்கம். அதைவிடத் தெளிவாக எந்த மருத்துவ நூலும் சொல்லியிராது. செம்பூர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகலில், கண் இருக்கும்போதே விட்ட படங்களை எல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று அவளாகவே சொன்னாள். இணையத்தில் எல்லாம் கிடைக்கிறது என்பதை அண்டை வீட்டுப் பிள்ளைகள் வாயிலாக அறிந்திருந்தாள். நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

பெயர்களைச் சேர்ப்பது எளிதாக இல்லை. அவளுக்குப் பெயர் தெரியாது, ஆள் தெரியும். "பொண்டாட்டி சீக்காளியாக் கிடக்கையில மச்சினியைக் கேப்பானே, ஒரு கிராதகன்" என்றால் 'உதிரிப்பூக்கள்'. "வீடு கட்டுற பிள்ளை" என்றால் அர்ச்சனா நடித்த 'வீடு'. கிங்ஸ் சர்க்கிளில் அரோரா டாக்கீசுக்குப் போய் இடம் கிடைக்காமல் திரும்பிய படங்கள் தனி. தமிழ்ப்படம் என்றால் அந்நாளைய பம்பாய்த் தமிழர்க்கு மாட்டுங்கா அரோராதான். தாராவியிலிருந்து ரயில் பாலம் ஏறி இறங்கிக் குடும்பத்தோடு நடந்து போவோம். ரஜினி படமென்றால் வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, கிங்ஸ் சர்க்கிள் பூங்காவில் சற்று நேரம் உட்கார்ந்து, கடலை தின்றுவிட்டுத் திரும்பிவிடுவோம். அப்படித் திரும்பிய படங்கள் மட்டும் ஒன்பது.

முதலில் பார்த்தது 'நாயகன்'. 1987இல் அந்தப் படம் வந்தபோது அப்பா யாரையும் போகவிடவில்லை. வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைத் தழுவியது என்று தாராவி முழுவதும் அதே பேச்சாக இருந்தது. மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே அவர் நடத்திய பிள்ளையார் விழாவுக்கு எங்களை அழைத்துப் போன அதே அப்பாதான், "நாம இருக்கிற எடத்தை நாமளே காசு குடுத்துப் பாக்கணுமா?" என்று கேட்டார். அவர் இப்போது இல்லை. அம்மாவும் நானும் முழுவதும் பார்த்தோம். தோட்டா தரணி சென்னையில் ஒரு படப்பிடிப்பு நிலையத்தில் தாராவியை எழுப்பி அதற்குத் தேசிய விருதும் பெற்றார் என்று அம்மாவுக்கு விளக்கினேன். "அதான பாத்தேன். நம்ம சந்து எங்க அம்புட்டு அகலம்?" என்றாள். மற்றபடி அவளுக்குப் படம் பிடித்திருந்தது. கமலஹாசன் கிழவராக வரும் பகுதியில் மட்டும் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திரையின் ஓரங்களைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிக்கே படத்தைத் தொடங்க வேண்டும் என்பது அவள் ஏற்பாடு. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன்; கேட்கவில்லை. செம்பூரில் எங்கள் கட்டடத்தில் மேல்நிலைத் தொட்டி இருக்கிறது. குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. ஆயினும் மூன்று மணி ஆகும்போது அம்மா நாற்காலியில் ஒருமுறை அசைவாள். "மூணாயிட்டுதா?" என்பாள். ஆயிற்று என்பேன். பிறகு உட்கார்ந்துகொள்வாள்.

என் திருட்டு முதன்முதலில் வெளிப்பட்டது 'உதிரிப்பூக்க'ளில். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தழுவி மகேந்திரன் 1979இல் எடுத்த படம். வாடகை வீடியோவில் மதினி வீட்டில் ஓடியபோது பாதி பார்த்திருந்தாள். மனைவியையும் குழந்தைகளையும் வதைக்கும் சுந்தரவடிவேலுவை ஊரார் ஆற்றில் இறங்கச் சொல்கிறார்கள். அவன் இறங்குகிறான். கரையில் அவனுடைய இரண்டு குழந்தைகளும் நிற்கின்றன. படம் முடிந்தது. அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "திருந்திட்டான்னு சொன்னியேல?" என்றாள். சின்ன வயசு, சரியாக நினைவில்லை என்று மழுப்பினேன். அவள் என் பக்கம் திரும்பி, தன் குழாய்ப் பார்வைக்குள் என் முகத்தைக் கொண்டுவந்து ஒரு கணம் பார்த்தாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பரீட்சை நாட்கள் ஆகிவிட்டன. எந்தப் படத்துக்கு என்ன முடிவு சொன்னேன் என்பது எனக்கு மறந்துவிட்டது. அவளுக்கு மறக்கவில்லை. படம் முடிந்ததும் இரண்டையும் ஒப்பிடுவாள். சில இடங்களில் நான் சொன்னதும் படத்தில் வந்ததும் ஒத்துப்போகும். அப்போது என்னைவிட அவளுக்குத்தான் அதிக மகிழ்ச்சி. ஜான் ஆபிரகாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை'யைப் பற்றி மட்டும் நான் எந்தப் பொய்யும் சொல்லியிருக்கவில்லை. அறிவித்துவிட்டுக் கடைசியில் ஒளிபரப்பாமல் தொலைக்காட்சி நிறுத்திவிட்ட படம் அது. பொய் சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை.

நானாகப் பட்டியலில் சேர்த்த பெயர் ஒன்று உண்டு. தமிழின் முதல் பேசும் படமாகிய 'காளிதாஸ்'. 1931இல் வெளிவந்தது. அது எடுக்கப்பட்டது நம்முடைய பம்பாயில் என்பது இங்கே வாழும் தமிழர் பலருக்கே தெரியாது. 'ஆலம் ஆரா'வைத் தயாரித்த அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனிதான் அதையும் தயாரித்தது, எச்.எம். ரெட்டி இயக்கினார். கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார்; கதாநாயகன் தெலுங்கில் பேசினார்; மற்றும் சிலர் இந்தியில் பேசினார்கள். இதைச் சொன்னபோது அம்மா சிரித்துவிட்டாள். "நம்ம சந்துல பேசிக்கிட்ட மாதிரியேதான்" என்றாள். தாராவிக் குழாயடியில் தமிழும் தெலுங்கும் மராத்தியும் இந்தியும் ஒரே சண்டையில் வந்து போவது வழக்கம். யாருக்கும் பொருள் விளங்காமற் போனதில்லை. ஆனால் 'காளிதா'ஸை எந்த ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் பார்க்க முடியாது. படச்சுருள் ஒன்றுகூட எஞ்சவில்லை. 'ஆலம் ஆரா'வுக்கும் அதே கதிதான். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் தோன்றியதே 1964இல். அதற்குள் எத்தனையோ அழிந்துவிட்டன. இவ்வளவு ஏன், நேற்று வந்தது போல் இருக்கும் 'வீடு', 'சந்தியா ராகம்' ஆகியவற்றின் மூல நெகட்டிவ்கூட இல்லாமற் போயிற்றே என்று 2014இல் மறைந்த பாலு மகேந்திரா தம் இறுதிக் காலத்தில் வருந்திப் பேசினார். 'காளிதாஸ்' எதிரே சிவப்பு மையால் அடிக்கவும் முடியாமல், விட்டுவிடவும் மனமில்லாமல், 'நிலுவை' என்று எழுதி வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் அப்படி எழுதிய கோப்புகள் பல உள.

'தண்ணீர் தண்ணீர்' பார்த்த நாளைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை 1981இல் பாலசந்தர் படமாக்கினார். கோவில்பட்டிப் பக்கத்து அத்திப்பட்டி என்னும் வறண்ட ஊர். தண்ணீருக்குத் தவிக்கும் மக்கள். தாங்களே கால்வாய் வெட்டிக்கொள்ள முனையும்போது அதிகாரம் வந்து குறுக்கே நிற்கிறது. நாங்களும் அந்தப் பக்கத்து மண்ணிலிருந்து வந்தவர்கள்தாம். படத்தில் தண்ணீர் வண்டி புறப்படும் நேரத்தில் எங்கள் சந்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்க எழுந்து போனார்கள் என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்லி வந்திருக்கிறேன். அம்மா படத்தை இம்முறை இறுதிவரை பார்த்தாள். சரிதாவைப் பற்றி, "அந்தப் பிள்ளைக்குக் குடத்தை இடுப்புல வைக்கத் தெரியுது" என்று நற்சான்று கொடுத்தாள். சினிமாவில் குடம் சுமக்கும் நடிகைகளில் பெரும்பாலோர் அவளிடம் அந்தச் சான்று பெறவில்லை.

படம் முடிந்தபின், நான் கேட்காமலே ஒன்று சொன்னாள். அன்றைக்கு அவள் மூன்று மணிக்கு எழுந்திருக்கவில்லையாம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கால் மணி நேரம் இருந்துவிட்டாளாம். வரிசையில் அவள் குடங்களை யாரோ பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். அன்று கிடைத்தது இரண்டே குடம். அப்பா வேலை பார்த்தது தோல் கிடங்கில்; இரவு வந்து குளிக்காமல் அவரால் சாப்பிட முடியாது. இரண்டு குடத்தில் அவர் குளித்ததா, மறுநாள் சோறு பொங்கியதா என்பதை அவள் சொல்லவில்லை. "உங்கப்பா கையை ஓங்கிட்டாரு. அடிக்கலை. அதுக்கப்புறம் எந்தப் படத்துக்கும் மூணு மணிக்கு மேல இருந்ததில்லை" என்று மட்டும் சொன்னாள். நான் அந்த நேரத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்திருப்பேன்.

இனி 'வீடு'.

அந்தப் பெயர் பட்டியலில் நான்காவது எண்ணில் இருந்தது. நான் ஒவ்வொரு வாரமும் ஏதேனும் காரணம் சொல்லிப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். பிரதி சரியில்லை என்பேன். ஒலி கேட்கவில்லை என்பேன். உண்மையான காரணம் வேறு. தூரதர்ஷனில் அந்தப் படம் வந்த ஞாயிற்றுக்கிழமை, அஸ்திவாரம் தோண்டும் வரை பார்த்துவிட்டு அம்மா எழுந்து போனாள். மாலையில் வந்து கேட்டபோது, "வீடு கட்டி முடிச்சுட்டாங்க, பால் காய்ச்சி எல்லாரும் உள்ள போயிட்டாங்க" என்று சொன்னேன். இதை மட்டும் நான் மறக்கவில்லை. மறக்க முடியாதபடி அம்மா அதைப் பிறகு பல ஆண்டுகள் எடுத்தாண்டாள்.

1993 தொடக்கத்தில் பம்பாய்க் கலவரம் ஓய்ந்தபோது, சாமான்களைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடலாம் என்று அப்பா முடிவு செய்தார். எங்கள் சந்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் போயின. அம்மா மறுத்தாள். "ஒத்தையில நின்னு அந்தப் பிள்ளை வீடு கட்டலையா? நாம ரெண்டு பேரு இருக்கோம்" என்றாள். அப்பாவுக்கு எந்தப் பிள்ளை என்று விளங்கவில்லை. எனக்கு விளங்கியது; வாயைத் திறக்கவில்லை. அவள் சங்கிலியை அடகு வைத்தபோதும், சீட்டுக் கட்டியபோதும், நான் மத்திய அரசுத் தேர்வு எழுதி வேலையில் சேர்ந்த அன்றும் அந்தப் பிள்ளையின் பேச்சு வந்தது. 2008இல் அரசு தரும் வீட்டு முன்பணமும் வாங்கி, அவள் சேர்த்ததையும் போட்டுச் செம்பூரில் ஓர் அறையும் கூடமும் உள்ள இந்த வீட்டை வாங்கினோம். பால் காய்ச்சினோம். அப்பா அதைப் பார்க்க இல்லை.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இன்னைக்கு வீடு" என்றாள். இனித் தள்ள இயலாது என்று தெரிந்துவிட்டது.

படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். சுதா என்ற நடுத்தரக் குடும்பப் பெண், இருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்ய நேர்ந்து, தாத்தாவின் நிலத்தில் சிறு வீடொன்று கட்டத் தொடங்குகிறாள். அனுமதி, கடன், சிமெண்டு, ஏமாற்றும் ஒப்பந்தக்காரர் என்று ஒவ்வொன்றாகக் கடக்கிறாள். பாட்டு ஒன்றும் கிடையாது. 1988இல் சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. சிறந்த நடிகைக்கான விருதை அர்ச்சனா பெற்றார். சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாக வருகிறார். பாதி எழும்பி நிற்கும் வீட்டைத் தனியே பார்க்க வந்து, சுவரைத் தடவித் தடவிப் பார்க்கிறார் அந்தக் கிழவர். அம்மா முன்னால் குனிந்து அமர்ந்திருந்தாள். மூன்று மணி ஆனது. அன்று அவள் நேரம் கேட்கவில்லை.

அப்புறம் முடிவு வந்தது. வீட்டு வேலை முடியும் முன்பே ஓர் அதிகாரி வருகிறார். அந்த நிலம் குடிநீர்த் திட்டத்துக்காக முன்னரே அரசால் எடுத்துக்கொள்ளப்பட்ட நிலம் என்கிறார். வீடு கட்ட ஓர் அலுவலகம் அனுமதி கொடுத்திருக்கிறது. நிலத்தை வேறோர் அலுவலகம் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒன்று செய்தது மற்றொன்றுக்குத் தெரியவில்லை. சுதா நீதிமன்றத்தின் படியேறுகிறாள்.

"அம்மா, நான் அன்னைக்கு முடிவைப் பாக்கவேயில்லை. விளையாடப் போயிட்டேன்" என்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த சொல்.

அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. "அந்தக் காயிதத்தை எழுதினவன் யாரு?" என்று கேட்டாள்.

எந்தக் காகிதம் என்றேன்.

"நிலத்தை எடுத்துக்கிட்டோம்னு எழுதி, அதைக் கட்டிடத்துக்கு அனுமதி குடுக்கிறவனுக்குச் சொல்லாம விட்டானே, அவன்."

"அது ஆபீசுல யாராவது ஒரு குமாஸ்தாவா இருக்கும்மா."

"உன்னை மாதிரியா?"

ஆமாம் என்றேன்.

படத்தைப் பற்றி எழுதிய விமரிசகர் எவரும் அந்தக் குமாஸ்தாவைத் தேடியதாக நான் படித்ததில்லை. அவன் திரையில் வருவதில்லை. அவனை எனக்குத் தெரியும். ஒரு முதியவரின் விண்ணப்பத்தை, ஒரு தாளில் தந்தை பெயர் முன்னும் மற்றொரு தாளில் பின்னும் இருக்கிறது என்பதற்காக, நான் மூன்று முறை திருப்பியனுப்பியிருக்கிறேன். நம்மவர் பெயர்களில் தலைப்பெழுத்தால் வரும் குழப்பம் தமிழனாகிய எனக்குத் தெரியாததன்று. விதியில் இடமில்லை என்று எழுதி ஒப்பமிட்டேன். நான்காம் முறை அவர் வரவில்லை. என் மேசையைப் பொறுத்தவரை கோப்பு முடிந்தது. அவர் என்ன ஆனார் என்று எவரும் என்னிடம் கேட்கவில்லை. இதை அம்மாவிடம் நான் அன்றும் சொல்லவில்லை; இங்கே எழுதுகிறேன்.

அம்மா சற்று நேரம் கழித்து, "நம்ம வீட்டுப் பத்திரம் எங்க இருக்கு?" என்றாள். பீரோவில் இருக்கிறது என்றேன். எடுத்துவரச் சொன்னாள்.

எங்கள் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருக்கிறது. செம்பூரில் இன்று எந்தத் தெருவில் பார்த்தாலும் பச்சைத் துணி போர்த்திய கட்டடங்கள். அந்த நினைப்பும் அவளுக்கு இருந்திருக்கலாம். விற்பனை ஒப்பந்தம், முத்திரைத் தீர்வை கட்டிய சீட்டு, கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்றிதழ், முன்பணம் தீர்ந்ததற்கான கடிதம், வரி ரசீதுகள் எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன். அவள் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக முகத்தருகே கொண்டுபோனாள். எழுத்துப் படிக்கத் தெரியாதவள். முத்திரையை மட்டும் தேடினாள். ஒரு தாளின் முத்திரை ஓரத்தில் இருந்தது. அவள் கண்ணில் படவில்லை. அவள் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். பிறகு ஒவ்வொரு தாளையும் உரக்கப் படிக்கச் சொன்னாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கிப் படித்தேன். அவள் பெயரும் என் பெயரும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கின்றனவா என்று இரண்டு முறை கேட்டாள். படித்து முடிக்க இரவு எட்டு மணி ஆயிற்று.

தாள்களை அடுக்கிக் கட்டும்போதுதான் சொன்னாள். "இந்த முடிவு அப்பவே தெரிஞ்சிருந்தா உங்கப்பா பேச்சைக் கேட்டு ஊருக்குப் போயிருப்பேன்."

வருந்திச் சொன்னாளா, பொய் சொன்னதற்காக என்னை மன்னித்துச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஊருக்குப் போயிருந்தால் அப்பா இன்னும் சில ஆண்டுகள் இருந்திருப்பார் என்று நினைப்பவள் அவள். அதையும் நான் அறிவேன்.

நான்காம் எண்ணைச் சிவப்பு மையால் அடித்தேன். மிச்சம் 22, 'காளிதா'ஸை நீக்கினால் 21. சொட்டு மருந்து நாளுக்கு இருமுறை தவறாமல் போகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்வையின் வட்டத்தை அளந்து படம் போட்டுத் தருகிறார்கள். சென்ற முறை வட்டம் பெரிதாகச் சுருங்கவில்லை என்றார் மருத்துவர். வாரத்துக்கு ஒரு படம் என்ற கணக்கில் அடுத்த தீபாவளிக்குள் முடித்துவிடலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்குச் 'சந்தியா ராகம்'. அதிலும் சொக்கலிங்க பாகவதர்தான். அதன் முடிவை நானும் பார்த்ததில்லை. அன்று என்ன சொல்லி வைத்தேன் என்பது நினைவில் இல்லை. அம்மாவைக் கேட்டால் சொல்வாள்.